ஈரத்தில் சுழலும் வண்டி

பிரிஞ்சாங், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாக இவ்வூரை நோக்கி ஏறிவரும் பழைய சாலை, 1930-களின் தொடக்கத்தில் மலையைக் குடைந்தும் வளைத்தும் போடப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1929-இல், போ தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. தேயிலைச் செடியோடு தமிழரும் இம்மலைக்கு வந்து சேர்ந்தனர். செடி சரிவில் வேரூன்றி நின்றுகொண்டது. மனிதர்களோ நாள்தோறும் அச்சரிவில் ஏறி இறங்க வேண்டியவர்கள் ஆயினர். அவர்களோடு கொழுந்தும் உரமும் அரிசியும் ஏறி இறங்கின. இவற்றையெல்லாம் சுமந்த வண்டிகளைப் பற்றியும், அவ்வண்டிகள் மழைநாளில் காட்டிய ஒரு குணத்தைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. கொழுந்து பறிக்கும் விரல்களைப் பாடிய அளவுக்கு வண்டி ஓட்டிய கைகளை எவரும் பாடவில்லை.

அந்தக் குணம் இதுதான்: ஈரச் சாலையின் வளைவில் வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்த முயலும். முந்திவிட்டால் வண்டி பம்பரம்போல் சுழன்று, வந்த வழியையே பார்த்து நிற்கும். நிற்க இடம் இருந்தால்தான் அதுவும். மலைச்சாலையில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம்.

இன்று ஓடும் சிறு கார்களுள் பெரும்பாலானவற்றை முன் சக்கரங்களே இழுத்துச் செல்கின்றன. 1985-இல் வெளிவந்த புரோட்டான் சாகாவும் அவ்வகையே. அதற்கு முன்பு இந்நாட்டுச் சாலைகளை நிறைத்திருந்த மோரிஸ் மைனர், டாட்சன் 120ஒய், பழைய தொயோத்தா கொரோலா ஆகியவற்றில் இயந்திரத்தின் வலிமை பின் சக்கரங்களுக்கே சென்றது. அவை வண்டியைப் பின்னிருந்து தள்ளின. கயிற்றில் கட்டி இழுக்கும் பெட்டி நேராக வரும். பின்னிருந்து தள்ளும் பெட்டி கோணலாகத் திரும்பப் பார்க்கும். தோட்டத்துச் சிறுவர் யாவரும் விளையாட்டில் அறிந்திருந்த உண்மை இது.

கேமரன் மலையென்றால் லேண்ட் ரோவர் என்று சொல்லுமளவுக்கு அவ்வண்டி இம்மலையோடு ஒன்றிப்போயிற்று. 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டிக்கு, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள். ஆகவே மலையின் ஈரம் அதன் உடலை எளிதில் அரிக்கவில்லை. அடிச்சட்டமோ எஃகு. காய்கறித் தோட்டக்காரர்கள் அரைநூற்றாண்டு வயதான வண்டிகளையும் ஓட்டி வந்ததற்கு இஃது ஒரு காரணம். நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டி என்றே பலர் அதனை எண்ணுகின்றனர். அந்த எண்ணம் பாதிதான் சரி. பழைய லேண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால்தான் முன் சக்கரங்களுக்கும் வலிமை செல்லும். தார்ச்சாலையில் அக்குமிழை அழுத்தி ஓட்டுவது தகாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தொலைவு உருளும். அந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் கருவி அவற்றின் நடுவே இல்லாமையால் பற்சக்கரங்கள் முறுக்கேறி வருந்தும். ஆதலின் சேற்றில் நான்கு சக்கர வண்டியாக இருப்பது, தார்ச்சாலைக்கு வந்ததும் பின் சக்கர வண்டியாகிவிடும். வழுக்கும் வளைவுகள் அங்கேதான் இருந்தன.

பள்ளியில் உராய்வு விசையைப் படித்த மாணவர்க்கு மேற்கொண்டு வருவது கடினமாக இராது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அதற்குள்ள பிடிப்பு வரம்புடையது. அந்தப் பிடிப்பிலிருந்தே உந்துவதற்கும், நிறுத்துவதற்கும், திரும்புவதற்கும் பங்கு எடுக்க வேண்டும். திரும்புவதற்கே முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும் வேளையில் ஓட்டுநர் மேலும் வலிமையைச் செலுத்தினால், பின் டயருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அது சறுக்கும்.

15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டையூசி வளைவை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால், அவ்வளைவை மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகம் வரை கடக்கலாம். மழையில் கெழு 0.4 ஆகக் குறையுமானால் அவ்வெல்லை 27 கிலோமீட்டர். காய்கறி லாரிகளின் சக்கரங்கள் கொண்டுவந்து அப்பிய சேறு தாரின்மேல் படிந்து, கெழு 0.2 ஆகிவிட்டால் 19 கிலோமீட்டர்தான். ஒரே வளைவு, ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். காலையில் 30-இல் கடந்த இடத்தை மாலையில் அதே 30-இல் கடக்க முயல்பவர் எல்லையைத் தாண்டிவிட்டதை அறியமாட்டார், வண்டிதான் அறிவிக்கும். நெடுநாள் வெயிலுக்குப்பின் விழும் முதல் தூறலே பெருமழையைவிடப் பொல்லாதது என்பதையும் ஓட்டுநர்கள் அறிவர். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தூறலில் குழைந்து மேலே மிதக்கும். பெருமழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இதனினும் நுட்பமான ஒன்று இறக்கத்தில் நேர்வது. இறக்கத்தில் சிறிய கியரில் போ என்பது மலையோட்டத்தின் பாலபாடம். நல்ல பாடமே. ஆனால், பின் சக்கர வண்டியில் இயந்திரம் இழுத்துப் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. இறக்கத்தில் வண்டியின் பாரமோ முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பின்புறம் இலேசாக இருக்கும். அந்நிலையில், வளைவின் நடுவே, திடீரென்று காலை எடுத்தாலோ கியரை முரட்டுத்தனமாகக் குறைத்தாலோ, பிரேக்கைத் தொடாமலே பின்புறம் பிய்த்துக்கொண்டு போகும். பிரேக்கை மிதிக்கவே இல்லையே என்று வியக்கும் இளம் ஓட்டுநர், தம் காலை எடுத்ததே ஒரு பிரேக்கு என்பதை உணர்வதில்லை.

தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒரு சொல்நயமும் இங்கே உண்டு. வழுக்குதல், சறுக்குதல், சுழலுதல் என்னும் மூன்றையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். வழுக்குவது சாலையின் இயல்பு. சறுக்குவது சக்கரத்தின் செயல். சுழல்வது வண்டி முழுவதற்கும் நேரும் நிலை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் கையும் காலும் செய்ய வேண்டியதைப் புத்தகம் சொல்லலாம். பழக்கம் மட்டுமே செய்விக்கும். பழக்க வேண்டுமானால் வண்டியை வேண்டுமென்றே சுழலவிட வேண்டும்.

பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு தோட்டத்தில், 1970-களின் பிற்பகுதியில், வயதான ஓட்டுநர் ஒருவர் தம் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் பழக்கினார். பையனுக்கு உரிமம் கிடைத்து மூன்று வாரம். அவர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அவர் இறங்கும் இருக்கையில் பையன் ஏறுவான் என்பது ஏறக்குறைய முடிவான செய்தி. தொழிற்சாலையின் பின்னால் தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவதற்காகச் சிமெண்டு பூசிய முற்றம் ஒன்று இருந்தது. மரநிழலால் அதன் ஒரு பாதியில் பாசி படர்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த பிற்பகலில், பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டு லேண்ட் ரோவரை அங்கே கொண்டுவந்தார்.

முதற்காரியமாகக் குளிரில் வேடிக்கை பார்க்கக் கூடிய சிறுவர்களை வெளியே அனுப்பி வாயிற்கதவைச் சாத்தினார். பிறகு முற்றத்தைக் காலால் அளந்தார். கால்வாய் விளிம்பு எங்கே, விளக்குக் கம்பம் எங்கே என்று பையனுக்குக் காட்டினார். சுழலும் வண்டி விளிம்பில் இடறினால் கவிழும்; லேண்ட் ரோவர் உயரமான வண்டி. நடுவில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை நிறுத்தினார். வண்டியின் பின்புறத்தை ஒரு கயிறுகூட இல்லாமல் காலிசெய்தார். கைப்பிரேக்கைத் தொடவே கூடாது என்றார். அவ்வண்டியில் கைப்பிரேக்கு பிடிப்பது பின் சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டையே. ஓடும்போது அதை இழுத்தால் பின் சக்கரங்கள் இரண்டும் ஒருசேர இறுகிவிடும், தண்டுக்கும் கேடு.

இரண்டாம் கியரில், தகரத்தைச் சுற்றி இடப்பக்கமாக வளைந்து வரும்போது எண்ணெயை அழுத்தச் சொன்னார். தோட்டத்து வழக்கில் எண்ணெய் என்றால் வேகமிதி. பாசியில் பின் சக்கரம் ஏறியதும் பையனுடைய முதுகுக்குக் கீழே ஏதோ கழன்று போவதுபோல் இருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தான். மரம், கதவு, சுவர், மீண்டும் மரம். இயந்திரம் அடங்கிப்போய், வண்டி சுவரிலிருந்து நான்கடி தள்ளி நின்றது.

“என்னத்தைப் பார்த்தே?” என்று கேட்டார் பெரியவர்.

“சுவத்தைத்தான் பார்த்தேன், சித்தப்பா.”

“அதான் சுவத்துக்கிட்டே வந்து நிக்குது. கண்ணு போற எடத்துக்குக் கை போகும் தம்பி. போக வேண்டிய எடத்தைப் பாரு.”

அந்தப் பிற்பகலில் பத்துப் பன்னிரண்டு முறை வண்டி சுழன்றது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு செய்தியைத்தான் அவர் சொன்னார், இரண்டாவதைச் சொல்லமாட்டார். பின்புறம் வலப்பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். திருப்பிய கையை அங்கேயே வைத்திருக்கக் கூடாது. பிடி கிடைத்ததும் நேராக்காவிட்டால் வண்டி முன்னினும் விசையாக மறுபக்கம் வீசும். முதல் வீச்சில் தப்பியவர்கள் இரண்டாம் வீச்சில்தான் பள்ளத்துக்குப் போனார்கள் என்றார். இறக்கத்தில் இயந்திரம் பிடித்து இழுத்ததால் சறுக்கியதென்றால், கிளட்சை மிதித்துச் சக்கரத்தை உருளவிட வேண்டும். உருளும் சக்கரத்துக்குப் பிடி திரும்பி வரும். இனி மீட்க முடியாது என்று தெரிந்த கணத்தில் மட்டும் கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்திவிட வேண்டும். சுழற்சியை அது நிறுத்தாது. ஆனால், வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போய் விரைவில் நிற்கும், குறுக்கே பாயாது.

இருட்டும் நேரத்தில் நான்கு உரமூட்டைகளை ஏற்றிப் பின் அச்சின்மேல் அடுக்கச் சொன்னார். அதே தகரம், அதே பாசி, அதே வேகம். வண்டி ஒருமுறை முனகிவிட்டுத் திரும்பிற்று, சுழலவில்லை. பையன் மகிழ்ந்துபோய் வேகத்தைச் சற்றுக் கூட்டினான். இம்முறை சுழன்றது, காலியாக இருந்தபோது சுழன்றதைவிடக் கனமாக, நிறுத்த முடியாதபடி சுழன்று, தகரம் இரண்டையும் வாரிக்கொண்டு போயிற்று. பாரம் பிடிப்பைக் கூட்டும். பிடிப்பு விட்டுப்போனால் அந்தப் பாரமே சவுக்காகும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. நசுங்கிய தகரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“நாளைக்கு இந்த மூட்டை இருக்கிற எடத்திலே யாரு உட்காரப் போறாங்க?” என்றார்.

பையன் பேசவில்லை. பெரட்டு முடிந்ததும் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், கூடையோடு அங்கேதான் ஏறுவார்கள். அவர்களுள் அவனுடைய தாயும் ஒருத்தி.

“முற்றத்திலே கத்துக்கிட்டதை ரோட்டிலே காட்டினேன்னு என் காதிலே விழுந்துச்சு, அன்னிக்கே சாவியை வாங்கிக் கிராணிகிட்டே குடுத்துடுவேன்.”

மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தார். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்ததா என்பதை மட்டுமே கவனித்தார். வளைவுக்குள் போனபின் பையன் எதைச் செய்தாலும் அது தாமதம் என்பது அவர் எண்ணம். சுழற்சியை மீட்பதில் பையன் காட்டிய திறமையைப் பற்றி ஒரு வார்த்தை புகழவில்லை. அது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால், அவருடைய கஞ்சத்தனத்துக்கு வேறொரு நாட்டில் பிற்காலத்தில் சான்று கிடைத்தது.

வண்டியைச் சறுக்கவிட்டுப் பழக்குவது ஒரு தோட்டத்து முற்றத்தின் கண்டுபிடிப்பு அன்று. இலண்டனில் சிஸ்விக் பணிமனையில், இரட்டைமாடிப் பேருந்துகளை நீர் தெளித்த வழுக்குத் தளத்தில் சறுக்கவிட்டு ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பனி உறையும் நார்வே நாட்டில் 1979-இல் புதிய ஓட்டுநர்கள் யாவருக்கும் வழுக்குத் தளப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. விபத்துகள் குறையும் என்று எல்லாரும் நம்பினர். 1988-இல் வெளிவந்த ஆய்வு காட்டியதோ வேறு. வழுக்கும் சாலைகளில் இளம் ஆண் ஓட்டுநர்களின் விபத்து குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது. சுவீடனில் கிரெகெர்சன் என்னும் ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தை ஓரளவு விளக்கிற்று. ஒரு குழுவினர்க்கு ஈரத் தளத்தில் வண்டியைக் கையாளும் திறமை கற்பிக்கப்பட்டது. மற்றொரு குழுவினர்க்கு அதே தளத்தில், தம் திறமை எவ்வளவு எளிதில் தோற்றுப்போகும் என்பது காட்டப்பட்டது. பிறகு சோதித்தபோது இரு குழுவினரின் உண்மைத் திறமையிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், முதற்குழுவினர் தம்மைப் பெரிதாக மதிப்பிட்டுக்கொண்டனர்.

பயிற்சியே தீது என்று இதற்குப் பொருள் கொள்வோரும் உளர். அது பொருந்தாது. தளம் ஒன்றாக இருந்தும் அதில் நடந்த பாடங்கள் இரண்டு. சுழலும் வண்டியை நேராக்கிய கணத்தில் ஆசிரியர் கைதட்டினால் அஃது ஒரு பாடம். நேராக்க முடியாத வேகத்தையும் ஒருமுறை காட்டி, நசுங்கிய தகரத்தைக் கையில் கொடுத்தால் அது வேறொரு பாடம். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று; இலக்கணமாயினும் கணக்காயினும், விடை வந்த மாணவனைப் புகழ்ந்து அனுப்பிவிடுவதா, விடை வராத ஒரு கணக்கையும் அவன் கையில் கொடுத்து அனுப்புவதா என்னும் கேள்வி நாள்தோறும் எழுவதுதானே.

சறுக்குவதையே கலையாக்கியவர்கள் ஜப்பானியர். அங்கும் தொடக்கம் மலைச்சாலைதான். நாகானோ மாநிலத்து மலைவளைவுகளில் பழகிய கெயிச்சி சுச்சியா, பின் சக்கரத்தால் உந்தப்படும் சிறிய தொயோத்தா ஏஈ86 வண்டியால் 1980-களில் பெயர்பெற்றார். பின்புறத்தைக் கோணலாக வீசியபடியே வளைவைக் கடக்கும் அவ்வித்தை பிறகு போட்டியாகவும் திரைப்படமாகவும் உலகைச் சுற்றியது. மலேசிய இளைஞரையும் அது கவர்ந்ததில் வியப்பில்லை. கண்ணுக்கு அழகான காட்சி. அதில் பொய் சொல்ல வேண்டியதில்லை. முறையான திடலும் தலைக்கவசமும் மேற்பார்வையும் உள்ள இடத்தில் அது விளையாட்டு. பொதுச்சாலையில் அதுவே 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்கீழ் குற்றம். பிரிஞ்சாங் மலையுச்சிக்கு, 2,000 மீட்டருக்குமேல், ஏறிச்செல்லும் ஒடுங்கிய சாலையைப் பார்த்தவர்க்குச் சட்டத்தை நினைவூட்டவும் வேண்டியதில்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டும் ஒதுங்கி வழிவிட வேண்டிய சாலை அது. வளைவுக்கு அப்பால் சுற்றுலாப் பயணியர் நடந்து வருவர்; மூடுபனியில் அவர்கள் தெரியமாட்டார்கள்.

லேண்ட் ரோவர்கள் முதுமையடைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் காய்கறித் தோட்டங்களுக்குத் தொயோத்தா ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் வந்திருக்கின்றன. அவையும் சாதாரண ஓட்டத்தில் பின் சக்கர வண்டிகளே. முட்டைக்கோசையும் தக்காளியையும் இறக்கிவிட்டு வெறும் பின்புறத்தோடு திரும்பும் வேளையில், அன்றைய முற்றத்துக் காலி வண்டியின் குணம் அவற்றுக்கும் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் வந்துள்ளது. 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, இப்போது சாதாரண வண்டிகளுக்கும் பரவிவிட்டது. ஸ்டியரிங் ஒரு திசையைக் கேட்க, வண்டி வேறு திசைக்குத் திரும்பத் தொடங்கினால், அக்கருவி அதை உணர்ந்து வேண்டிய ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக்குப் பிடிக்கும். இயந்திரத்தின் வலிமையையும் குறைக்கும். பெரியவர் மூன்று மணிநேரம் பாடுபட்டுக் கற்பித்ததை அது நொடியில் சிறு பங்குக்குள் செய்துவிடுகிறது. இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது. 19 கிலோமீட்டர் வளைவில் 40-இல் நுழைந்த வண்டியை அது நேராக வைத்தபடியே பள்ளத்துக்குக் கொண்டுபோகும்.

அக்கருவி வேலை செய்யும்போது ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிறு மஞ்சள் விளக்கு மினுக்கும். ஒரு காரும், அதன் பின்னே வளைந்து நெளியும் இரண்டு சுவடுகளும் அதில் வரையப்பட்டிருக்கும். சுங்கை பாலாஸ் பக்கமிருந்து மழையில் இறங்கிவரும் வண்டிகளில் அவ்விளக்கு எத்தனையோ முறை மினுக்கி அணைகிறது. சில ஓட்டுநர்கள் அதைக் கண்டதும் அடுத்த வளைவுக்கு முன்பே காலை மெல்லத் தளர்த்துகிறார்கள். சிலர் அது எதற்கென்று கேட்டதே இல்லை. உள்ளே பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்.